பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் பேட்டரி ரீகாலும்

பெட்ரோல் எஞ்சினும், பிளக்கில் மாட்டிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் சேர்ந்தே இருப்பது பிளக்-இன் ஹைபிரிட் கார். இவற்றில் சில மாடல்களின் பேட்டரி தீப்பிடித்ததால், தயாரித்த நிறுவனங்களே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர நேர்ந்தது. இதைத்தான் ரீகால் என்கிறார்கள்.

2020-ல் ஐரோப்பாவில் ஃபோர்டு கூகா கார்கள் இருபதாயிரத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. பேட்டரி செல் தயாரிப்பின்போது கலந்த மாசுதான் காரணம். அதே ஆண்டு பிஎம்டபிள்யூவும் இதே போன்ற காரணத்தால் தன் ஹைபிரிட் கார்களை அழைத்தது.

அதிகம் கவனிக்க வேண்டியது கிரைஸ்லர் பசிஃபிகா ஹைபிரிட். குடும்பத்தோடு செல்வதற்கான பெரிய வண்டி இது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 2017, 2018 மாடல் வண்டிகள் 16,741 அழைக்கப்பட்டன. அதற்குள் 12 வண்டிகள் எரிந்திருந்தன. அத்தனையும் எஞ்சின் அணைத்து நிறுத்தி வைக்கப்பட்டவை. எட்டு வண்டிகள் சார்ஜில் இருந்தவை. ஓடும்போது எரிந்தால் இறங்கி ஓடலாம். வீட்டை ஒட்டிய கராஜில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் எரிந்தால்? அதனால்தான் 'வண்டியைச் சார்ஜ் செய்யாதீர்கள், கட்டடங்களை விட்டு விலக்கித் திறந்தவெளியில் நிறுத்துங்கள்' என்று நிறுவனம் அறிவித்தது.

அணைத்து வைத்த வண்டி எப்படி எரிகிறது? லித்தியம் செல்லின் இரு மின்முனைகளுக்கும் நடுவே மெல்லிய பிரிப்புத் தாள் ஒன்று உண்டு. அதில் சேதம் ஏற்பட்டாலோ, உள்ளே உலோகத்துகள் சிக்கினாலோ, செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடேறும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். இதற்குச் சாவி திருப்ப வேண்டியதில்லை. சார்ஜ் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு. சார்ஜ் ஏற்றாவிட்டாலும் பெட்ரோலில் ஓட்டிக்கொள்ளலாம் என்பது இவ்வகைக் காரில் ஒரு வசதி.

ஒரு முறை அழைத்ததோடு விஷயம் முடிவதில்லை. 2024-ல் பசிஃபிகாவுக்கு மீண்டும் ரீகால் வந்தது. ஜீப் ரேங்லர் 4எக்ஸ்இ 2023-லும் 2024-லும் அழைக்கப்பட்டது. 2025 நவம்பரில் ரேங்லர், கிராண்ட் செரோக்கி இரண்டிலும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் 3,20,065 வண்டிகள் அழைக்கப்பட்டன. முன்பு பழுது பார்த்த வண்டிகளும் அதில் அடக்கம். 'ஏற்கெனவே சரிசெய்தாயிற்று' என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப முடியாது.

வளைகுடாவில் வாழும் நம் சகோதரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அமெரிக்காவில் ஓடிய பழைய கார்கள் அங்குள்ள சந்தைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ரீகால் நிலுவையில் உள்ள பழைய காரை விற்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவான தடை இல்லை. மார்க்கம் அப்படி விடவில்லை. விற்பவர் குறையைச் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றால், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பது ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் அய்ப்' என்று பேசப்படும் சட்டம். தன் காரை விற்க நினைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

பணம் கொடுப்பதற்கு முன் காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில், கண்ணாடி வழியாகவே அது தெரியும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அதைக் கொடுத்தால், அமெரிக்க மாடலுக்கு நிலுவையில் உள்ள ரீகால் கட்டணமின்றித் தெரிந்துவிடும். வேறு நாட்டுக்கெனத் தயாரான வண்டி என்றால் அந்த நாட்டின் அதிகாரபூர்வ டீலரிடம் கேட்க வேண்டும். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்ஜியம்தான்.