கோரமண்டலும் சோழமண்டலும்

பழவேற்காட்டு வட்டாரத்தில் கரிமணல் என்றொரு மீனவக் குப்பம் உண்டு. கோரமண்டல் என்ற பெயரே அங்கிருந்துதான் பிறந்தது என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கரையிறங்கிய டச்சுக்காரர் ஊர்ப்பெயர் கேட்டார்களாம். கரிமணல் என்ற பதில் அவர்கள் காதில் கோரமண்டல் என்று விழுந்ததாம். கதைக்குப் பொருத்தமான இடம்தான். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தன் கோரமண்டல் வணிகத்தைப் பழவேற்காட்டிலிருந்துதான் நடத்தியது.

ஆனால் ஆண்டுக்கணக்கு உதைக்கிறது. கெல்ட்ரியாவுக்கு நூறாண்டு முன்பே, 1510இல் அச்சேறிய இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலில் 'சோரொமண்டெல்' வந்துவிட்டது. முதலெழுத்து ச, அதைக் கரிமணலிலிருந்து வருவிக்க வழியில்லை. மூலம் சோழமண்டலம்தான்; அதன் ழகரம் அயலார் நாவில் ரகரமானது. போர்ச்சுகீசியர் சகரத்துக்கு இட்ட எழுத்தைப் பிற ஐரோப்பியர் ககரமாகப் படித்தார்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இராசராசன் கால மண்டலப் பிரிவினையில் சோழமண்டலம் என்பது காவிரி நாடு. பழவேற்காடு இருக்கும் தொண்டைநாட்டுக்கு வைத்த பெயர் சயங்கொண்டசோழமண்டலம். மாலுமிகளுக்கு அந்த வேறுபாடு எதற்கு? கரை முழுவதையும் ஒரே பெயரால் அழைத்தார்கள். பெயர் கப்பலேறிப் போயிற்று: சீனாவில் செய்து இக்கரை வழியாக ஐரோப்பா போன அரக்குத் தட்டிகள் 'கோரமண்டல்' தட்டிகளாயின, 1820இல் நியூசிலாந்துக்குப் போன ஆங்கிலேயக் கப்பலால் அங்கே ஒரு தீபகற்பமும் கோரமண்டல் ஆயிற்று.

அந்தப் பெயரின் மூலவடிவம் இக்கரைக்கே திரும்பி வந்த கதையும் உண்டு. 1966இல் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசு அது. படம் விலைபோனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்து விடுபட அவர்கள் கண்ட வழி. மணல் வெளியில் ஓலைக் குடிசை போட்டுக் குடியேறினார்கள்; குடியிருப்பே பட்டறை. பிற்பாடு வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்து தங்கி வேலைசெய்ய அங்கே இடம் உண்டாயிற்று. பக்கத்தில் மீனவர் ஊர்.

தங்கள் கலைஞர் கிராமத்துக்குச் சோழமண்டல் என்று பெயரிட்டார்கள். ஊரறிந்த கோரமண்டலை எடுத்துக்கொள்ளாமல் அதன் மூலத்தைத் தேடிப் போனது எனக்கு மிகவும் பிடித்த செயல். ஐரோப்பிய ஓவியத்தின் நகலாக இல்லாமல் இம்மண்ணின் கோடுகளையும் எழுத்துகளையும் தேடிய பணிக்கருக்கு அதுவே இயல்பு. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தீட்டியவர் அவர்.

ஒரு குறை மட்டும் உண்டு. ஆங்கிலப் பலகையில் கடைசி 'அம்' இல்லை, ழகரத்துக்கும் எழுத்தில்லை. தமிழில் எழுதும் நாமாவது சோழமண்டலம் என்றே முழுதாக எழுதலாம்.