அக்காளும் பங்காளிதான்

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் கையில் ஒரு வரைவுப் பத்திரத்தோடு வந்தார். பதிவுத் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், யாராவது இப்படி வந்து ஒரு பத்திரத்தை நீட்டுவது வழக்கம்தான். "சார், அப்பா காலமாகி வருஷம் ஒண்ணு ஆச்சு. தங்கச்சிக்கிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கணும். வாசகம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க" என்றார்.

வாசகம் சரியாகத்தான் இருந்தது. சர்வே எண், நான்கெல்லை, சாட்சி எல்லாம் ஒழுங்கு. "தங்கச்சிக்கு எவ்வளவு பாகம் வருதுன்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு சார்? தங்கமான பொண்ணு. சொன்ன இடத்துல கையெழுத்துப் போடும்."

எனக்குச் சுருக்கென்றது. 1997-ல் நான் நினைத்ததும் இதேதான். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், பெண்ணுக்குச் சொத்தில் பங்கு என்பது எத்தனை படிகள் ஏறி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களில் பலர் முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நின்றுகொண்டே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு அது வெறும் தீர்மானம். 1937-ல் வந்த சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது. ஆனால் அது ஆயுள் உள்ளவரை அனுபவிக்கத்தான். தன் இஷ்டத்துக்கு விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. மகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. சுதந்திரம் வந்தபின் சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டார். எதிர்ப்பு பலமாக இருந்தது. மசோதா இழுத்தடிக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

பிறகு 1956 ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தகப்பனார் தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால், மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே வரும் உரிமை ஆண்பிள்ளைக்கு மட்டும் என்ற பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டது. நம் ஊரில் பங்காளி என்கிறோமே, அந்தப் பங்காளி ஆண் மட்டும்தான்.

இதன் பலன் என்ன என்பதற்கு எங்கள் குடும்பக் கணக்கையே சொல்கிறேன். காவிரிப் பாசனத்தில் எங்களுக்கு 15 மா நஞ்சை. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால் ஐந்து ஏக்கர். தாத்தா 1949-ல் காலமானதும் அப்பா தன் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்துக்கொண்டதில் வந்த பூர்வீக நிலம். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, தங்கை என்று ஆறு பேர். 1956 சட்டப்படி அப்பா காலமானால், முதலில் அப்பாவும் இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டதாகப் பாவிக்க வேண்டும். ஆளுக்கு 5 மா. நம் பக்கத்து வழக்கப்படி அந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு கிடையாது. பிறகு அப்பாவின் 5 மா, அம்மாவும் நான்கு பிள்ளைகளுமாக ஐந்து பேருக்குப் பிரியும். ஆளுக்கு 1 மா. ஆக மகனுக்கு 6 மா, மகளுக்கு 1 மா. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் ஆறுக்கு ஒன்று.

குடியிருந்த வீட்டுக்கு வேறு கணக்கு. அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ள முன்வந்தாலொழிய, பெண் வாரிசு வீட்டைப் பாகம் பிரிக்கும்படி கேட்கவே முடியாது. மகள் அங்கே தங்க வேண்டுமென்றாலும் கல்யாணம் ஆகாதவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும்.

ஆந்திராவில் என்.டி.ராமராவ் ஆட்சியில் 1986-ல் மகளையும் பங்காளியாக்கிச் சட்டம் செய்தார்கள். அடுத்து நம் தமிழ்நாடு. 1989-ல் கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம், 1990-ஆம் வருடத்து முதலாவது சட்டமாக ஏறி, 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று ஆனது. மகனைப் போலவே மகளும் பிறப்பிலேயே பங்காளி. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது வருடம் கழித்து.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகிவிட்ட மகளுக்கு அது பொருந்தாது. எங்கள் அக்காவுக்கு 1983-ல் கல்யாணம். தங்கைக்கு 1991-ல். சட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு கோடு போட்டது போல ஆகிவிட்டது. 15 மாவை இப்போது அப்பா, நான், தம்பி, தங்கை என நான்காகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு மூன்றே முக்கால் மா. அப்பாவுடைய மூன்றே முக்கால் ஐந்து பேருக்குப் பிரிந்தால் தலைக்கு முக்கால் மா. ஆக எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நாலரை மா. அம்மாவுக்கும் அக்காவுக்கும் முக்கால் மா. தங்கை என் சமத்துக்கு வந்தாள். அக்காவுக்கு முன்பு இருந்த ஒரு மாவும் குறைந்தது. அவள் செய்த குற்றம், ஆறு வருடம் முன்னால் கழுத்தை நீட்டியதுதான்.

1996-ல் அப்பா காலமானார். உயில் கிடையாது. மறு வருடம் நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. இந்த 1989 சட்டத்தின் வாசகம் என் மேஜையில்தான் இருந்தது. ஊரார் எத்தனையோ பேருக்கு அதை விளக்கியும் இருக்கிறேன். என் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் அக்காவும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். "அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு" என்று வழக்கமான வாசகம். அக்கா பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எங்கேடா போடணும்?" விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள். பிறகு எல்லோருமாக ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஏழரை மா.

மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், பிரசவம் பார்த்தோம். நம்மில் யார்தான் இதைச் சொல்லவில்லை? ஆனால் நகையும் சீரும் அப்பா கடன் வாங்கிச் செய்தது. அவர் காலத்திலேயே அடைந்தும் போயிற்று. நிலம் எங்களிடம் நின்றது.

2005-ல் மத்திய அரசே சட்டத்தைத் திருத்தியது. செப்டம்பர் 9 முதல் அமல். நாடு முழுக்க மகளும் பிறப்பால் பங்காளி. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் ஒழிந்தது. அந்த 23-ஆவது பிரிவும் ஒழிந்தது. எங்கள் 15 மாவை இந்தச் சட்டப்படி பிரித்தால் அப்பாவும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு 3 மா. அப்பாவின் 3 மா ஐந்து பேருக்கு. ஆக அக்காவுக்கு 3.6 மா, எனக்கும் 3.6 மா. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நடந்து முடிந்த விற்பனை, பாகப்பிரிவினை முதலியவற்றை இந்தத் திருத்தம் தொடாது என்றும் சொல்லியிருந்தது. எங்கள் பத்திரம் 1997-ல் பதிவானது. சட்டத்தின் கண்ணில் நான் பத்திரமாகத்தான் இருந்தேன்.

அதன் பிறகும் கோர்ட்டுகளில் குழப்பம் தீரவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் அதே நீதிமன்றம், அதற்கு முன்பே தகப்பனார் காலமாகியிருந்த ஒரு வழக்கில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 11-ல், வினீதா சர்மா வழக்கில், நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது: உரிமை பிறப்பால் வருவது, தகப்பனார் அன்றைக்கு உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. வாய்மொழியாக எப்போதோ பிரித்துக்கொண்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பதிவான பத்திரமோ கோர்ட் தீர்ப்போ வேண்டும். அரசாங்க ஆவணங்களால் ஐயமற நிரூபித்தால்தான், அதுவும் அபூர்வமாகத்தான், வாய்மொழிப் பிரிவினை ஏற்கப்படும்.

கொரோனா அடங்கிய சமயம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மருமகள் எங்கோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். "ஏண்டா, பொண்ணுங்களுக்கும் பங்குன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களாமே. நம்ம வீட்டுல அப்படிப் பாத்தா எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டாள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று கணக்கையும் எழுதிக் காட்டினேன். ஒரு மா. முக்கால் மா. 3.6 மா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கே இதை எழுதிக் காட்டியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேண்டா. ஆனா நீ காட்டியிருக்கலாம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

தங்கையிடமும் போனில் பேசினேன். அவள் சொன்னது இன்னும் உறைத்தது. "எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. இவங்க சொன்னாங்க. கேட்டா பொறந்த வீடு இல்லாம போயிடும்னுதான் கேக்கல." ஒருத்தி தெரியாமல் விட்டாள், ஒருத்தி தெரிந்தே விட்டாள். இரண்டையும் பத்திரத்தில் "பாசம்" என்றே எழுதிப் பதிவு செய்திருக்கிறோம்.

மகன் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் விற்றது போக எனக்கு மூன்றரை மாதான் மிச்சம் இருந்தது. அதில் அக்கா பெயருக்கு ஒரு மாவும் தங்கை பெயருக்கு ஒரு மாவும் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தேன். பாக்கியை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று உயில் எழுதி, இருவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கணக்குப் பார்த்தால் கடன் தீரவில்லை. தம்பி பங்கைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். தகப்பனார் தானே சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் மகனும் மகளும் சமம். பூர்வீகச் சொத்தில் மகள் பிறந்த அன்றே பங்காளி. ஆனால் நாம் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் ஆகிவிடாது. 1956-க்குப் பிறகு தகப்பனுக்கு வாரிசாக வந்தது பெரும்பாலும் அவருடைய தனிச் சொத்தாகவே கருதப்படும். ஆகவே மூலப் பத்திரங்களோடு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். மேலே சொன்னதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டங்கள்.

பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அது அவள் இஷ்டம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால்தான் அது விட்டுக்கொடுப்பது. 1929-ல் தொடங்கி 2020 வரை மாநாடும் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமுமாகத் தூக்கிக்கொண்டு வந்த உரிமை, கடைசியில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கிறது. அதை உள்ளே கொண்டுபோய் அவள் கையில் சொல்ல வேண்டியது அண்ணன் தம்பிகளான நாம்தான்.

வந்தவரிடம் வரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் தங்கைக்கு வரும் பாகத்தைக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி மேலே செருகிக் கொடுத்தேன். "இதைக் காட்டிட்டுக் கையெழுத்துக் கேளுங்க" என்றேன். தாளைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். காட்டினாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.