ஒழுங்கமைப்பானும் அயன் கால்வாயும்: ஈரூடகவாழி முளையவியலின் வரலாறு குறித்து

முளையவியல் வரலாற்றில் 1924ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். ஜேர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும் தமது ஆய்வை வெளியிட்ட ஆண்டு அது. நியூட் முளையமொன்றின் முதுகுப்புற உதட்டை வெட்டியெடுத்து, நிறத்தால் வேறுபட்ட பிறிதோர் இனத்தின் முளையத்தில் ஒட்டியபோது, அங்கே இரண்டாவது உடலொன்று உருவாயிற்று. அதன் நரம்புக்குழாயோ பெரும்பாலும் ஏற்ற முளையத்தின் கலங்களாலேயே ஆகியிருந்தது. நிறவேறுபாடு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. ஒட்டப்பட்ட இழையம் 'ஒழுங்கமைப்பான்' எனப் பெயர் பெற்றது. பரிசோதனைகளைத் தம் கையாற் செய்த மங்கோல்ட் அவ்வாண்டிலேயே விபத்தில் மாண்டார். ஸ்பேமன் 1935இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்பெயரிலேயே ஒரு கருத்துச்சாய்வு உறைந்து கிடந்தது. ஒரு பகுதி கட்டளையிடும், ஏனையவை பணியும் என்பதே அது. ஆயினும் கொல்லப்பட்ட ஒழுங்கமைப்பானும் நரம்பிழையத்தைத் தூண்டுமென 1932இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இறந்த இழையம் எவ்வாறு ஆணையிடும்? எனவே வினா, ஏற்கும் கலத்தின் பக்கம் திரும்பியது. 1960களில் பார்த் தம்பதியர் தவளை முளையத்தின் புறப்படைக் கலங்களை அயன் செறிவு மாற்றப்பட்ட கரைசல்களில் இட்டனர். ஒழுங்கமைப்பான் இன்றியே அவற்றுள் நரம்புக் கலங்கள் தோன்றின.

அயன்கள் மென்சவ்வைக் கடக்கும் வழியை ஆராய்வதற்குரிய கருவி பின்னரே கிட்டியது. 1976இல் நேஹரும் சக்மனும் தவளைத் தசைநாரில் தனியொரு கால்வாயின் மின்னோட்டத்தை அளந்தனர். 1994இல் பிரான்சில் மொறோவும் சகாக்களும் ஈரூடகவாழி முளையத்தின் நரம்புத் தூண்டலிற் கல்சியம் கலத்தினுள் பெருகுவதைக் காட்டினர். அக்கல்சியம் புகும் வாயில்களாக மென்சவ்வின் கல்சியக் கால்வாய்கள் இனங்காணப்பட்டன. 2012இல் அமெரிக்காவில் லெவினின் ஆய்வுகூடத்தினர், அயன் கால்வாய்களைப் புகுத்தி ஆபிரிக்கத் தவளை முளையக் கலங்களின் மின்னழுத்தத்தை மாற்றி, குடலிலும் வாலிலும்கூடக் கண்களைத் தோற்றுவித்தனர்.

இதனால் பரம்பரையலகுகளும் புரதங்களும் பொருளற்றவை ஆகிவிடா. 1990களின் ஆய்வுகள், ஒழுங்கமைப்பான் சுரக்கும் நொகின், கோடின் ஆகிய புரதங்கள், புறப்படையைத் தோலாக்கும் சைகையை மறிக்கின்றன எனக் காட்டின. ஆக, ஒழுங்கமைப்பான் செய்வது பெரிதும் தடை நீக்கலே. நரம்பாகும் ஆற்றல் கலத்திடம் முன்னரே உள்ளது. அயன்களின் ஓட்டம் அவ்வாற்றல் வெளிப்படும் வழிகளுள் ஒன்று. அதிபதியைத் தேடிப் புறப்பட்ட விஞ்ஞானம், இறுதியிற் கண்டடைந்தது கலங்களுக்கிடையிலான உறவையே.