பாறை வாயுவும் கிணற்று நீரும்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஃப்ரெடோனியா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் ஓடையில் குமிழியிட்டெழுந்த வாயு தீப்பற்றி எரிவதைக் கண்ட வில்லியம் ஹார்ட் என்பவர், 1821-ஆம் ஆண்டில் அங்கே 27 அடி ஆழத்திற்குக் கிணறு தோண்டினார். வெளிப்பட்ட வாயு விளக்குகளை ஏற்றிற்று. ஷேல் எனப்படும் களிப்பாறையில் அடைபட்ட வாயு மனிதனுக்குப் பணிபுரியத் தொடங்கிய வரலாறு இது.

1859-இல் அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய் கண்டதும், மக்களின் நாட்டம் அதன்பாற் சென்றது. ஆழத்துப் பாறையின் வாயுவை வெளிக்கொணரும் வழியும் அன்று இல்லை. 2004-இல் அம்மாநிலத்தின் தென்மேற்கில், நீரையும் மணலையும் இரசாயனப் பொருள்களையும் பேரழுத்தத்துடன் செலுத்தி மார்செல்லஸ் என்னும் ஷேல் படிவத்தைப் பிளக்கும் முயற்சி கைகூடியது. கிடைமட்டத் துளையீடும் அதனுடன் சேரவே, தொழில் விரைந்து பரவியது.

கறவை மாடுகளை நம்பிக் கடனில் உழன்ற குடியானவர் பலருக்குக் குத்தகைப் பணம் நிலத்தை மீட்டுத் தந்தது. ஆனால் லாரிகள் சிற்றூர்ச் சாலைகளைச் சிதைத்தன. வீட்டு வாடகை உயர்ந்தது. எல்லாவற்றினும் பெரிய கவலை குடிநீரே. வாயுக் கிணறு நிலத்தடி நீரடுக்கை ஊடுருவியே கீழிறங்குகிறது. இடையே காப்பாக நிற்பவை எஃகுக் குழாயும் சிமெண்டும் மட்டுமே.

2009-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, டிமாக் என்னும் ஊரில் ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு மீத்தேன் வாயுவால் வெடித்தது. வாயு இயற்கையாகவே நீரில் இருந்தது என்றது நிறுவனம். துளையிட்டதன் விளைவே என்றது மாநில அரசு. பொதுக் குடிநீர்க் குழாய்க்குச் செலவளிக்க நிறுவனம் இசைந்தது 2022-இல்தான். பதின்மூன்று ஆண்டுகள் மக்கள் காத்திருந்தனர்.

இவ்வழக்குகளின் மையம் ஒரே வினாதான்: மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? பென்சில்வேனியாவின் 1984-ஆம் ஆண்டுச் சட்டம், வாயுக் கிணற்றிலிருந்து 1,000 அடிக்குள், பணி முடிந்த ஆறு மாதங்களுக்குள் நீர் கெட்டால், துளையிட்டவரே காரணர் எனக் கொண்டது. 2012-இல் அவ்வெல்லை 2,500 அடியாகவும் பன்னிரண்டு மாதங்களாகவும் விரிந்தது. முன்னரே நீர் கெட்டிருந்தது என்று காட்டினால் நிறுவனம் தப்பலாம். ஆகவே துளையிடுமுன் நீரைச் சோதித்து வைப்பது நிறுவனத்துக்கே தேவையாயிற்று. நியூயார்க் மாநிலமோ 2014-இல் இம்முறைக்குத் தடை அறிவித்தது. பாறை ஒன்றாயினும் முடிவுகள் இரண்டாயின.

நம் நாட்டில் துர்க்காபூருக்கு அருகே 2011-இல் ஷேல் வாயு வெளிப்பட்டது. 2013-இல் மத்திய அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. பொறுப்புடன் எடுப்போம் என்னும் வாக்குறுதி எங்கும் எளிதில் கிடைக்கும். துளையிடும் முன்பே ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து எழுதிவைத்த ஏடு ஒன்று இருந்தால்தான், பின்னாளில் அவ்வாக்குறுதியைக் கேட்டு வாங்க ஊராருக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.