தோளில் வெள்ளாடு

எங்கள் அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்தவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, அறுவடை முடிந்த வயல்களைத் தேடிக் கிடை போட்டுக்கொண்டே போய், மாதக்கணக்கில் கழித்துத்தான் ஊர் திரும்புவார். வீட்டுக் கூடத்தில் 'நல்ல ஆயன்' படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. தேதித் தாள்களெல்லாம் கிழிந்து முடிந்தும் படத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. பாறை விளிம்பில் முள்ளில் சிக்கிய ஆட்டை, இயேசு குனிந்து கைநீட்டி எடுக்கிற படம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அய்யா சிரிப்பார். "செம்மறி எங்கடா அங்கிட்டுப் போயி ஏறுச்சு? அது முன்னால போறதோட வாலைப் பாத்துக்கிட்டே நடக்குற உருப்படி. பாறையில தாவுனா அது வெள்ளாடாத்தான் இருக்கும். படம் போட்டவனுக்கு ஆடு தெரியல."

பல வருடங்கள் கழித்து ரோமில் ஒரு நிலத்தடிக் கல்லறையில் நின்றபோது இந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சலாரியா சாலையில் இருக்கும் பிரிசில்லா கல்லறை அது. ஆழத்தில் இருக்கும் சிறிய அறை ஒன்றின் விதானத்தில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தீட்டிய ஆயன் நிற்கிறான். குட்டையான அங்கி, தாடியில்லாத இளம் முகம். இரண்டு பக்கமும் ஆடுகள், தோளில் ஓர் ஆடு. அந்தத் தோளில் இருப்பது செம்மறியல்ல, வெள்ளாடு என்றுதான் பார்த்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அய்யா சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் உடனே ஒரு கேள்வியும் வந்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், கடைசித் தீர்ப்பு நாளில் செம்மறிகள் வலப்பக்கமும் வெள்ளாடுகள் இடப்பக்கமும் நிறுத்தப்படுகின்றன. இடப்பக்கம் நின்றவர்களுக்கு நெருப்பு. அப்படியிருக்க, வெள்ளாட்டை யார் தோளில் ஏற்றியது?

ஓவியர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று ஒரு சுலபமான பதில் உண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு. ஆட்டைத் தோளில் சுமக்கும் உருவம் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததல்ல. கிரேக்கத்தில் தனக்ரா என்ற ஊரில் கொள்ளைநோயை விரட்ட ஹெர்மிஸ் தெய்வம் ஒரு கிடாயைத் தோளில் சுமந்து ஊர் மதிலைச் சுற்றி வந்ததாகப் பௌசானியாஸ் எழுதுகிறார். திருவிழாவில் ஊரிலேயே அழகான வாலிபன் ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மதிலைச் சுற்றுவானாம். ரோமானியர்கள் கல்சவப்பெட்டிகளில் இதே உருவத்தை அமைதியான நாட்டுப்புற வாழ்வின் அடையாளமாகச் செதுக்கிக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் கடையில் கிடைத்த உருவத்தை எடுத்துத் தங்கள் பொருளை ஏற்றினார்கள். அரசனை ஆயன் என்பது அதைவிடப் பழசு. பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டக் கல்லின் முன்னுரையில் தன்னை ஆயன் என்றே சொல்லிக்கொள்கிறான். எசேக்கியேல் தீர்க்கதரிசி அந்தப் பட்டத்தைத் திருப்பிப் போட்டு அடித்தார். கொழுத்ததைத் தின்று, மயிரைக் கத்தரித்து உடுத்திக்கொண்டு, நலிந்ததைக் கவனிக்காமல் விட்ட ஆயர்கள் என்று இஸ்ரவேலின் தலைவர்களைத் திட்டிவிட்டு, இனிக் கடவுளே வந்து மேய்ப்பார் என்கிறார். யோவான் நற்செய்தியின் நல்ல ஆயன் அந்த வாக்கின் வழியில் வருபவர்.

ஆனால் தோளில் இருப்பது எந்த ஆடு என்பது வெறும் படச் சங்கதியாக இருக்கவில்லை. ரோமில் இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மாஸ் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். முன்னாள் அடிமை. சிறுவயதில் தன்னை ரோமில் ஒரு பெண்மணிக்கு விற்றார்கள் என்றுதான் கதையைத் தொடங்குகிறார். ஆயன் வேடத்தில் ஒரு வானதூதர் அவருக்குத் தோன்றுகிறார், அதனால் புத்தகத்துக்கும் 'ஆயன்' என்றே பெயர். அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம் பழைய பாவங்களையெல்லாம் கழுவிவிடும். அதன் பிறகு பெரிய பாவம் செய்தவன் கதி என்ன? இன்னும் ஒரே ஒரு முறை மனந்திரும்ப இடமுண்டு என்றார் ஹெர்மாஸின் தூதர். மனைவி வேறொருவனோடு போய்விட்டால் என்ன செய்வது என்று ஹெர்மாஸ் கேட்கிறார். விலகியிரு, ஆனால் வேறு மணம் செய்யாதே, அவள் மனம் வருந்தித் திரும்பினால் நீ சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும், சேர்க்காவிட்டால் பாவம் உன்னுடையது என்று பதில் வருகிறது. (இதுவும் அடிக்கடி கூடாது என்று ஒரு நிபந்தனை. கணக்குப் பார்க்கிற தூதர்தான்.) நான்காம் நூற்றாண்டின் சினாய் ஏட்டில் புதிய ஏற்பாட்டோடு சேர்த்துப் பிரதி எடுக்கும் அளவுக்கு இந்தப் புத்தகத்துக்கு மதிப்பு இருந்தது.

கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியனுக்கு இது ஆகவே ஆகாது. இத்தனைக்கும் இளமையில் அவரும் இந்த ஒரே ஒரு வாய்ப்பை ஒத்துக்கொண்டு எழுதியவர்தான். வயது ஏற ஏற இறுகிவிட்டார். விபசாரம் செய்தவர்களையும் தவத்துக்குப் பின் மன்னிக்கலாம் என்று ஒரு ஆயர் அறிவித்ததும், ஆயர்களுக்கெல்லாம் ஆயரோ இவர் என்று கேலி பேசி ஒரு நூலே எழுதினார். அதில் நமக்கு அரிதாக ஒரு தகவல் கிடைக்கிறது. கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய கிண்ணங்களில் தொலைந்த ஆட்டைச் சுமக்கும் ஆயனின் உருவம் இருந்திருக்கிறது. அதைக் காட்டி எதிராளிகள் வாதாடியிருக்கிறார்கள். தெர்த்துல்லியன் விடவில்லை. அந்தத் தொலைந்த ஆடு இன்னும் சபைக்குள் வராத புறமதத்தான், வந்த பின் கெட்டவன் அல்ல என்றார். ஹெர்மாஸின் ஆயன் விபசாரிகளின் ஆயன் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் இந்தச் சண்டையை வைத்தே ஒரு பதினான்கு வரிக் கவிதை எழுதினார். கல்லறையில் வெள்ளாட்டைச் சுமக்கும் ஆயனைத் தீட்டியது தெர்த்துல்லியனுக்குத் திருச்சபை சொன்ன பதில் என்பது அவர் வாதம். வரலாறாக அதை நிரூபிக்க முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் அத்தையைக் கட்டியவர் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தை பிறகு இன்னொருவரோடு வாழ்ந்தாள். இரண்டு பிள்ளைகள். முதல் கணவர் உயிரோடு இருந்ததால் கோயிலில் அவளுக்கு நற்கருணை கிடையாது. முப்பது வருடம். சட்டம் அப்படி, அதைச் சொன்ன சாமியாரும் நல்ல மனுஷன்தான்.

தெர்த்துல்லியனின் ஊரிலேயே ஒரு தலைமுறைக்குப் பிறகு இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கானவர்களின் கேள்வியானது. கி.பி. 250இல் பேரரசன் தேசியுஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலிலிருந்து இன்று கிடைத்திருக்கின்றன. பலியிட்டவர் பலர். பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களும் உண்டு. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் தப்பி ஒளிந்துகொண்டார். ரோமின் குருக்கள் கார்த்தேஜுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஓநாய் வந்தால் ஓடிப்போகும் கூலியாள் பற்றிய யோவான் வசனத்தை அதில் நினைவுபடுத்தியிருந்தார்கள். யாரைக் குத்துகிறது என்று தெரியாதா? சிப்ரியான் அந்தக் கடிதத்தையே ரோமுக்குத் திருப்பி அனுப்பி, இது உண்மையிலேயே நீங்கள் எழுதியதுதானா, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஆத்திரத்தை இதைவிட மரியாதையாகக் காட்ட முடியாது.

கலவரம் அடங்கி அவர் திரும்பிய பிறகு, 251இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில்தான் மன்னிப்பு என்று முடிவானது. சில காலத்தில் மறுபடி துன்புறுத்தல் வரும் என்ற பயம் எழுந்ததும், தவத்தில் இருந்த பலியிட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ரோமில் நொவாசியன் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாமல் தனிச் சபையாகப் பிரிந்தார். ஒருமுறை ஓடிய ஆயன்தான் ஓடிய ஆடுகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியான் ஓடவில்லை. கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டார்.

இதே காலத்தில்தான் யூப்ரடீஸ் கரையில் தூரா எவுரோப்போஸ் என்ற எல்லைப்புற ஊரில், வீடொன்றைக் கோயிலாக மாற்றியவர்கள் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே ஆயனை வரைந்தார்கள். 256 வாக்கில் சசானியர் முற்றுகையின்போது மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணில் அந்த வீடு புதைந்தது. 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது படம் மிஞ்சியிருந்தது, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கேயும் ஆயனின் தோளில் ஆடு, எதிரே ஒரு மந்தை. ரோமுக்கும் சிரியாவுக்கும் நடுவே எத்தனை தூரம்!

திருச்சபை அரசனோடு கைகோத்த பிறகு தோள் காலியாகிவிட்டது. ராவென்னாவில் ஐந்தாம் நூற்றாண்டின் கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்து ஆயனுக்குத் தங்க அங்கி, தலைக்குப் பின் ஒளிவட்டம், கையில் கோலுக்குப் பதில் சிலுவை. உட்கார்ந்தபடி ஒரு செம்மறியின் முகவாயைத் தொடுகிறார், தூக்கவில்லை. அழகான படம்தான், ஆனால் அந்த உடையோடு முள்ளுக்குள் எப்படி இறங்குவது? அதே ஊரில் ஆறாம் நூற்றாண்டில் கட்டிய புதிய அப்போலினாரே கோயிலில் மத்தேயு 25 வந்துவிடுகிறது. கிறிஸ்து நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் சிவப்புத் தூதரும் மூன்று செம்மறிகளும், இடப்பக்கம் நீலத் தூதரும் மூன்று வெள்ளாடுகளும். அந்த வெள்ளாடுகள் ஒன்றும் அழவில்லை, சாதுவாக நிற்கின்றன. தங்களை எதற்கு இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரியாத மாதிரி.

பழைய தோளின் ஞாபகம் ஒரு துணியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திருத்தந்தையும் பேராயர்களும் கழுத்தைச் சுற்றித் தோளில் போடும் வெள்ளைக் கம்பளிப் பட்டைக்குப் பாலியம் என்று பெயர். ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளில் ஆசீர்வதிக்கப்படும் ஆட்டுக்குட்டிகளின் ரோமம் அதில் சேர்கிறது. தமிழில் நாம் அவர்களை ஆயர், பேராயர் என்றுதான் சொல்கிறோம். முல்லை நிலத்து இடையர்களுக்கும் அதே பெயர்தான். ரோமத்தில் நெய்யாமல் உருப்படியையே தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் அய்யா. கிடையிலிருந்து திரும்பும்போது நடக்கமாட்டாத குட்டி ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும்.

கடைசி வருடங்களில் அவர் ஞாயிறு பூசைக்கு அத்தையோடுதான் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் எழுந்து போகும்போது அத்தை தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அய்யாவும் எழுந்திருக்க மாட்டார். ஏன் போகலை என்று ஒருமுறை கேட்டேன். "முட்டி வலிக்குதுடா" என்றார். பூசை முடிந்து இரண்டு மைல் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.