காற்றின் வழியறிதல்

நெருப்பும் வெள்ளமும் கண்முன் தோன்றி மக்களை எச்சரிப்பன. காற்றில் கலந்த கதிரியக்கமோ நிறமும் மணமுமின்றி வருவது. அஃது எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை உரிய காலத்தில் அறிந்து வரைபடமாக்கும் கலை, அணு உலை விபத்துகளினூடே வளர்ந்ததாகும்.

1957 அக்டோபர் 10ஆம் நாள், இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியிருப்பது கண்டறியப்பட்டது. அளவைக் கருவிகளைத் தாங்கிய ஊர்திகள் சுற்றுப்புறமெங்கும் அனுப்பப்பட்டன. புல்லில் படிந்த கதிரியக்க அயோடின் பசுவின் பாலில் கலந்திருப்பது தெரிந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்பனை தடை செய்யப்பட்டது. எனினும், அம்முறை காற்று கடந்துசென்ற தடத்தைக் காட்டியதேயன்றி, இனிச் செல்லவிருக்கும் வழியைக் காட்டவில்லை.

அக்குறையை நீக்கக் கணிப்பொறி துணைவந்தது. 1979 மார்ச் 28ஆம் நாள், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் உலை விபத்துக்குள்ளானபோது, கருவி பொருத்திய ஹெலிகாப்டர் வானில் பறந்து கதிரியக்கத்தை அளந்தது. கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம், வானிலைக் குறிப்புகளைக் கொண்டு காற்றின் போக்கைக் கணித்துக் கூறியது. இவ்விபத்திற்குப் பின் ஜப்பானும் 'ஸ்பீடி' என்னும் கணிப்பு முறையை உருவாக்கிக்கொண்டது.

கருவி பெற்றதனால் மட்டுமே காவல் கிட்டிவிடுமோ? 2011 மார்ச் 11ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புக்குஷிமா அணு உலைகளைச் சிதைத்தன. சுற்றிலும் நிலையாக நாட்டப்பெற்றிருந்த அளவைக் கருவிகளுட் பெரும்பாலானவை செயலிழந்தன. நமியே நகர மக்கள் பல்லாயிரவர், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடமேற்கிலுள்ள சுஷிமாவில் தஞ்சம் புகுந்தனர். 15ஆம் நாள் காற்றும் அவ்வடமேற்கு நோக்கியே திரும்பியது. மழையும் பனியும் கதிரியக்கத் துகள்களை அந்நிலத்தில் இறக்கின. அன்றிரவு அங்குச் சென்ற அளவை ஊர்தி, நமியேயின் ஒரு பகுதியில் மணிக்கு 330 மைக்ரோசீவெர்ட் கதிர்வீச்சைக் கண்டது.

காற்றின் போக்கை ஸ்பீடி முன்னரே கணித்துப் படமாக வரைந்திருந்தது. ஆயின், உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்கத்தின் அளவு தெரியாமையால் அப்படங்கள் உறுதியற்றவை எனக் கருதப்பட்டன. பொதுமக்கள் பார்வைக்கு அவை வந்தது மார்ச் 23ஆம் நாளில்தான். அளவு தெரியாவிடினும் திசை தெரிந்திருந்தது. சுஷிமாவில் தங்கியிருந்தோர்க்கு அத்திசை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

ஊர்தியும் வானூர்தியும் கணிப்பொறியும் காற்றின் வழியை அறிவிக்க வல்லன. அவ்வறிவு, அவ்வழியில் நிற்கும் மக்களின் செவியை உரிய பொழுதில் எட்டினாலன்றிப் பயன் விளையாது. புக்குஷிமா உலகிற்கு உணர்த்திய பாடம் இதுவேயாம்.