எடப்பாடியில் சனி, ஞாயிறு

சென்னையிலுள்ள நண்பர் ஒருவர் (கவிதை எழுதுகிறவர்) எங்களூருக்கு வந்து ஒரு சனி ஞாயிறு இருந்துவிட்டுப் போக வேண்டும், பார்க்க என்னென்ன இருக்கின்றன என்று எழுதிக் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் கேள்வியிலிருந்த சங்கடம் புரிந்தது. 'என்ன இருக்கிறது' என்பதில் சங்கடமில்லை. 'சனி ஞாயிறு' என்பதில்தான்.

பார்க்க இருப்பவற்றை ஒரு கார்டில் எழுதிவிடலாம். ஊருக்குள் நஞ்சுண்டேஸ்வரர் கோயில். பெயரே மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டை நினைவூட்டும். இந்தச் சீமை 1792வரை மைசூரின் கையில் இருந்ததை மறக்க விடாது. தெற்கே சங்ககிரி மலைக்கோட்டை. 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். கிழக்கே தாரமங்கலம், கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில். லெ ஃபானுவின் சேலம் ஜில்லா மான்யுவல் 1883இல் வந்தது, ரிச்சர்ட்ஸின் கெஜட்டியர் 1918இல். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் எழுதி வைத்த இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து இன்றைய சுற்றுலாக் கையேடுவரை, கோட்டை, கோயில், தீர்வை என்கிற வரிசை பெரிதாக மாறிவிடவில்லை. தீர்வை போய் ஓட்டல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாரமங்கலத்தில் ஒரு சிற்ப வேலைப்பாட்டை எல்லோருக்கும் காட்டுவார்கள். ராமன் வில்லோடு நிற்கிற தூணிலிருந்து பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுவது தெரியும். வாலி இருக்கிற தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். கல்லில் தூரத்தையும் கோணத்தையும் கணக்கிட்டுச் செய்த இந்தக் காரியத்தை வெறும் சாமர்த்தியம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நிற்குமிடம் அந்த முதல் தூண் என்று இப்போது தோன்றுகிறது. நான் பிறந்தது இரண்டாவது தூண் பக்கத்தில்.

சனி ஞாயிறுக்கு வருகிறேன். ஓய்வு என்பது இந்த இரண்டு நாளிலும் இருக்கிறது என்ற எண்ணம் எங்களூருக்கு எப்போது வந்தது?

என் தாத்தா குழித்தறி நெய்தவர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, அமாவாசைதான் இருந்தது. அன்றைக்குக் குழியில் காலை இறக்கமாட்டார், நாடாவைத் தொடமாட்டார். தலை முழுகி, செத்தவர்களுக்குப் படைத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்வார். தச்சர்களும் கொத்தனார்களும் அப்படித்தான். அது முன்னோர்களுக்கான நாளாகவும் கருவிகளுக்கான நாளாகவும் இருந்ததால், மனிதனுக்கு ஓய்வு என்று தனியாக யாரும் பெயர் வைக்கவில்லை. இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. மாதத்துக்கு ஒரே நாள். மற்ற நாளெல்லாம் குழியின் ஈரத்தில் முழங்கால். ஆனால் அந்த ஒரு நாளை எந்த முதலாளியும் கொடுக்கவில்லை. ஆகவே எவராலும் பறிக்கவும் முடியாமலிருந்தது.

ஞாயிறு வேறு வழியாக வந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் லோகண்டேயின் தலைமையில் பல வருஷம் கேட்டு, 1890இல் அதைப் பெற்றார்கள். 1891ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வைப் பொதுவாக்கியது. 1948ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த நாளை உறுதிப்படுத்தியது. யாருக்கு என்பதில்தான் சூட்சுமம். மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. எங்கள் தெருவில் வீட்டின் பின்கட்டில் நாலு தறி, எட்டுத் தறி போட்டு ஓட்டுகிற பட்டறையில் பத்துப் பேர் ஏது? அப்பா நாற்பது வருஷமாகக் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். சட்டத்தின் கண்ணில் அவர் ஒருநாள்கூடத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததில்லை. இங்கே ஞாயிறு வந்தது சட்டத்தால் அல்ல. பள்ளிக்கூடம் லீவு, பாங்க் லீவு, நூல் கடை லீவு என்று சுற்றிலும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டபின், தறியும் வேறு வழியில்லாமல் நின்றது என்று நினைக்கிறேன். கைத்தறி போய் விசைத்தறி வந்த அதே காலத்தில், அமாவாசை போய் ஞாயிறு வந்தது. முதலாவதைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பாங்குக்காரனான நான் இதில் கட்சிக்காரனும்கூட. 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் எங்களுக்கு முழு விடுமுறை. சங்கங்கள் பேசி வாங்கித் தந்தவை. அந்த முதல் சனிக்கிழமை காலையில் நான் கட்டிலில் கிடந்தபடி புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா டிபன் தூக்கோடு வாசலைத் தாண்டிப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர் வந்தது அப்படியொரு இரண்டாம் சனிக்கிழமையில். கொங்கணாபுரத்துக்கு அழைத்துப் போனேன். ஓமலூர்–சங்ககிரி சாலையில் சனிக்கிழமை தோறும் கூடுகிற சந்தை அது. ஆடும், பந்தயச் சேவலும் அங்கே பேர்போனவை. விடியுமுன்பே வேன்களில் ஆடுகள் வந்து இறங்கிவிடும். சேவல் வாங்குகிறவர் அதைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, காலைப் பார்த்து, நெஞ்சைத் தடவி, பிறகுதான் விலை பேசுவார். நண்பர் அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றார். திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலமும் அதே ஊரில் சனிக்கிழமையில்தான். சங்கத்து முற்றத்தில் குவித்து வைத்த பஞ்சு மூட்டைகளைப் பார்த்துவிட்டு, 'இதுதான் உங்கள் தறிக்குப் போகிறதா?' என்றார் நண்பர். நேராகப் போகாது. எங்கோ ஒரு மில்லில் நூலாகி, வியாபாரிகள் கை மாறி, பாவாகிச் சுற்றி வரும். அதற்குள் அதன் ஊர் யாருக்கும் ஞாபகமிருக்காது.

ஞாயிறுக்கு முன்பே இங்கே வாரம் இருந்தது, சந்தைதான் வாரம். இந்த ஊரில் சனி, அடுத்த ஊரில் வேறு கிழமை என்று வியாபாரி சுற்றி வருவான். அந்த வாரத்தில் சனிக்கிழமை என்பது கடைசி நாளே அல்ல, நடுவில் வருகிற ஒரு நாள். 'வாரக்கடைசி' என்ற சொல் எங்களூர்க்காரர் வாயில் இன்னும் சரியாக உட்காராததற்கு இதுவும் காரணமாயிருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலிக் கணக்கு. வாங்கியிருக்கிற முன்பணத்தில் ஒரு பகுதி கழியும், அல்லது கழியாது. முன்பணம் தீராதவரை பட்டறை மாற முடியாது. இந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி அரசாங்கமே கவலைப்பட்ட சரித்திரம் இந்த ஜில்லாவுக்கு உண்டு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கை அமல்படுத்தியது சேலம் ஜில்லாவில்தான். அதற்கு முன்பே, 1925இல், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரையும் மதுவிலக்கையும் ஒன்றாகவே பேசிவந்தார். ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். (நம் வட்டத்தில் கல்கியைத் திட்டுகிறவர்கள் அதிகம், நானும் ஒருவன். அவர் கள்ளுக்கடை வாசலைப் பார்த்து எழுதிய ஒரு காலம் இருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.) கூலிநாள் சாயங்காலத்தை மீட்டுவிட்டால் குடும்பம் மீண்டுவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்ற கேள்வி அந்த நம்பிக்கையில் சற்றுத் தள்ளியே நின்றது. 1971இல் விலக்கு தளர்ந்தது; 1983இல் டாஸ்மாக் வந்தது; 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்த கூலியை இன்று எதிர்பார்த்திருப்பதும் அரசாங்கம்தான். திங்கட்கிழமை காலையில் என் கவுண்டரில் கம்மலைக் கழற்றி வைக்கிற பெண்களை எனக்கு முகம் தெரியும்.

அன்றிரவு நண்பர் அப்பாவிடம் தறிச் சத்தத்தைப் புகழ்ந்தார். அதில் ஒரு தாளம் இருக்கிறது, கவிதைக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்.

'நமக்குக் கேக்கறதில்லீங்க,' என்றார் அப்பா. 'நின்னாத்தான் கேக்கும்.'

ஞாயிறு பூலாம்பட்டி. காவிரி அங்கே ஆறு மாதிரியில்லை, ஏரி மாதிரி அகன்று கிடக்கும். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, விசைப்படகில் போய் வரலாம். சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தபின் 'குட்டிக் கேரளா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தண்ணீர் இருந்தாலே அது வேறு ராஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்போலும். கரையில் வறுத்த மீன், குழந்தைகள், சேலத்திலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்கள். இந்த அகலம் இயற்கையானதல்ல. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் 1937இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அணைக்குக் கீழே அதே நீரை மறுபடி மறுபடி தடுத்து மின்சாரம் எடுப்பதற்காக வரிசையாகக் கதவணைகள் கட்டினார்கள். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையில் தேங்குகிற தண்ணீரில்தான் ஞாயிற்றுக்கிழமைப் படகு போகிறது. அந்த மின்சாரம்தான் தறியை ஓட்டுகிறது என்று கணக்காகச் சொல்லிவிட முடியாது. கம்பியில் கலந்தபின் மின்சாரத்துக்கும் ஊர் இல்லை. ஆனாலும் படகில் உட்கார்ந்திருந்த தறிக்காரர்களைப் பார்த்தபோது அந்த எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

திரும்பும்போது நண்பர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தின் வெறுமையைப் பற்றிப் பேசினார். நம் பத்திரிகைகளில் வருகிற கவிதைகளில் ஞாயிறு மத்தியானம் ஒரு நிரந்தரக் குடித்தனக்காரர். காலி வீதி, சுழலும் மின்விசிறி, அர்த்தமின்மை. நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். அந்த வெறுமை பொய் என்று சொல்லவில்லை. அது மாதச் சம்பளக்காரனின் வெறுமை. அடுத்த நாள் கூலி நிச்சயமாக இருக்கிறவனால்தான் இன்றைய நாளை அர்த்தமற்றது என்று சொல்ல முடிகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது, எங்கள் தெருவின் அமைதியைப் பற்றி ஒரு கவிதை தொடங்கி நாலு வரியில் நிறுத்திவிட்டேன். அப்பா அதைத் 'தொடர்ந்தாப்ல அமாவாசை' என்று சொல்லிவிட்டிருந்தார்.

நண்பரிடம் சொல்ல விட்டுப்போனது ஒன்று. எடப்பாடியின் உண்மையான விடுமுறையை எடப்பாடியில் பார்க்க முடியாது. தைப்பூசத்தையொட்டி இங்குள்ள பருவதராஜ குலத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம் என்பது அவர்கள் கணக்கு. பழனி மலையின் மேல் ஓர் இரவு தங்குகிற உரிமை அவர்களுக்கு உண்டு; மற்ற எந்தக் கூட்டத்தாருக்கும் இல்லை. மலையிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, திரும்பி வந்து எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். சட்டமோ சங்கமோ தராத ஓய்வு. அதையும் ஒரு உரிமையாகத்தான் காத்துவருகிறார்கள், சாமியிடம் வாங்கிய உரிமையாக.

ஞாயிறு இரவு நண்பரை பஸ் ஏற்றிவிட அப்பாவும் வந்தார். அடுத்த தடவை அமாவாசையன்று வரலாமென்றிருக்கிறேன், எப்போது வருகிறது என்று கேட்டார் நண்பர்.

அப்பா காலண்டர் எதுவும் பார்க்கவில்லை. 'வர்ற புதன்கிழமைங்க,' என்றார். 'வாங்க. தறி ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்கும்.'